சட்டைப் பைக்கு மேலே

"யார் கண்ணுல மண்ணைத் தூவப் பார்க்கிறே? எடு வெளியே! அந்தச் சட்டையை எடுன்னு சொல்றேன்ல!"

அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாசனை வீடு முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்க வேண்டும் என்றுகூட லாண்டரியம்மாவுக்குத் தோன்றவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கூடத்து வாசலை அடைத்தபடி நின்றாள். எதிரே, பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, அவளுடைய கொழுந்தன் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். சின்னவளின் வலது கையில் ஊசி இருந்தது. இடது கை, மடித்து வைத்த நீலச் சட்டைகளுக்கு அடியில் எதையோ அவசர அவசரமாகத் திணித்தது.

"ஒண்ணுமில்லக்கா... சும்மா... அளவு சரியா இருக்கான்னு பார்த்தேன்..."

"ஊசியை வெச்சுக்கிட்டா அளவு பார்ப்பாங்க? என் காதுல பூ சுத்தாதேடி!"

லாண்டரியம்மா குனிந்து, அடுக்கைத் தள்ளிவிட்டு, அடியில் கிடந்த சட்டையை உருவினாள். புத்தம்புதுச் சட்டை. நீலத் துணி, கம்பெனியின் முத்திரை, மார்புப் பை. அந்தப் பைக்கு மேலே சிவப்பு நூலில், பளிச்சென்று ஒரு சொல்: உதவியாளர். முதல் எழுத்திலிருந்து ஒரு நூல் மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் மற்ற சட்டைகளைப் புரட்டினாள். அவள் கணவரின் சட்டையில் உரிமையாளர். கொழுந்தன் சட்டையில் பங்குதாரர். சின்னவள் சட்டையில் விற்பனை மேலாளர். நாலாவது சட்டை யாருக்கு என்று கேட்கவே வேண்டியதில்லை. அளவு அவளுடையது.

எரிச்சல் நேராகத் தலைக்கு ஏறியது. ஏறாதா பின்னே?

விஷயம் இதுதான். வேலைக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் உடுப்புகளை விற்கிற கம்பெனி ஒன்று. ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவருக்குக் கோட்டு, வெல்டிங் அடிப்பவருக்குத் தீப்பொறி தாங்கும் ஜாக்கெட், சமையல்காரருக்குத் தொப்பி, சாலை போடுபவருக்கு இருட்டில் மினுங்குகிற மேல்சட்டை. அந்தந்த நிறுவனத்தின் முத்திரையையும் நூலில் தைத்தே கொடுப்பார்கள். அந்தக் கம்பெனி ஃபிரான்சைஸ் கொடுக்கிறது, நாம் ஒரு கிளை எடுக்கலாம் என்று கொழுந்தன் ஒருநாள் வந்து சொன்னான். அன்றிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் போடப் பணம் வேண்டும், மெயின் ரோட்டில் இடமும் வேண்டும். இரண்டும் அந்த வீட்டில் யாரிடம் இருந்தன? லாண்டரியம்மாவிடம்தான் இருந்தன.

அவள் அப்பா அவள் பேருக்கு எழுதி வைத்த இடம் அது. கணவர் வேலை பார்த்த ஆலையை மூடியபோது, அந்த இடத்தில்தான் அவள் லாண்டரி ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஓட்டல் மேஜைத் துணி, பெட்ரோல் பங்க் பையன்களின் எண்ணெய் ஏறிய சட்டை எல்லாம் அங்கேதான் வெளுத்தன. சோப்புக் காரம் பட்டுப் பட்டு அவள் விரல் நகங்கள் முளைக்கும்போதே உடைந்தன. அந்த வருமானத்தில்தான் கொழுந்தன் படித்தான். அதில்தான் அவன் கல்யாணமும் நடந்தது. அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போகிற பொடியன். தனக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்ற குறையை அவனுக்குத் தலை வாரிவிட்டே மறந்தவள் அவள்.

அந்த லாண்டரியைத்தான் இந்த ஃபிரான்சைஸுக்காக மூடினாள். இயந்திரங்களை விற்ற பணம் முழுவதும் கம்பெனிக்குப் போயிற்று. கடைசி இயந்திரத்தை லாரியில் ஏற்றியபோது, அதன் மூடியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் வெகுநேரம் முகம் கழுவினாள். யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். "அக்காவுக்கு என்ன, அவங்க இரும்பு!" என்று சொல்லிப் பழகிய வீடு.

அப்பேர்ப்பட்டவளுக்கு உதவியாளராம்!

"ஏன்டி, இதைத் தைக்க உனக்குக் கை கூசலையா? கம்பெனிக்காரன் சரியாத் தைக்கலைன்னு நீ வேற ஊசியை வெச்சுக்கிட்டு நல்லா இறுக்கி விடறியா? நீ விற்பனை மேலாளர்! நேத்து வந்தவ! நான் உனக்கு உதவியாளரா?"

சின்னவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பல் துலக்கிய நுரையோடு கொழுந்தன் ஓடிவந்தான். மனைவியை ஒரு பார்வை பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

"அண்ணி, அது சும்மா பேருக்குத்தான்... கம்பெனி ரூல். ஆளாளுக்கு ஒரு பதவி போடணும்னாங்க..."

"பேருக்குத்தானே தம்பி? அப்போ உன் பேருக்கு அதைப் போட்டுக்க வேண்டியதுதானே?"

அவன் நுரையை விழுங்கினான்.

உள்ளறையிலிருந்து அவள் கணவர் வந்தார். ஆலை நடந்த காலத்தில் ஃபிட்டராக இருந்தவர். இன்றைக்கும் பழைய ஆட்கள் அவரை ஃபிட்டர் என்றே கூப்பிடுவார்கள். பாதி முகத்தில் சவர சோப்பு. "காலங்காத்தால என்ன கூச்சல்? கம்பெனி மேனேஜர் வர்ற நாள்னு தெரியாதா? ஒரு சட்டைக்கா இந்தப் பாடு?"

"சட்டைக்கு இல்லீங்க. சட்டையில எழுதியிருக்கே, அதுக்கு."

"எழுதினா என்ன? வேலை ஒண்ணுதானே? போ, போய்ப் பாலைப் பாரு, தீயுது!"

அவள் அவரையே பார்த்தாள். ஏதாவது சொல்வார், "யார் இப்படிப் பண்ணினது?" என்று ஒரு வார்த்தையாவது கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டு திரும்பிவிட்டார்.

சரி என்று ஒரு முடிவுக்கு வந்தாள் லாண்டரியம்மா. அந்தச் சட்டையை, உடுத்தியிருந்த துணிக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"உதவியாளர்தானே? நல்லது. உதவியாளர் என்ன செய்வாளோ, அதைத்தான் இன்னிக்கு நான் செய்வேன். ஒரு துளி கூடவும் செய்ய மாட்டேன்!"

பால் தீய்ந்து கருகியது. அடுப்பை அணைப்பது உரிமையாளர் வேலை என்று விட்டுவிட்டாள்.

கடைக்குள் நுழைந்தால், அது பழைய லாண்டரி என்று யாரும் நம்ப மாட்டார்கள். சுவரெல்லாம் கம்பெனி நீலம். தண்ணீர்க் குழாய்களை அடைத்து மேலே பலகை அடித்திருந்தார்கள். துணி அலசிய இடத்தில் இப்போது மூன்று பொம்மைகள் நின்றன. ஒன்று சமையல்காரர், ஒன்று வெல்டர், ஒன்று நர்ஸ். வெல்டர் பொம்மையின் முகமூடியைத் தூக்கிவிட்டு அதன் முகத்தைப் பார்த்தாள் லாண்டரியம்மா. "உனக்காவது உன் தொழிலைச் சரியா எழுதியிருக்கான்," என்றாள்.

வாசலோரம் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். கம்பெனி மேனேஜர் பதினொரு மணி வாக்கில் காரில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், கையில் பை, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. கடையை ஒரு சுற்றுச் சுற்றினார். பொம்மையின் காலரைச் சரிசெய்தார். "பிரமாதம்! இன்னிக்கு ஒப்பந்தத்தைப் போட்டுட்டா, அடுத்த வாரம் திறப்பு விழா!" என்று ஃபிட்டரின் முதுகில் தட்டினார். ஃபிட்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவர் சட்டைப் பைக்கு மேலே உரிமையாளர் என்று இருந்ததை நாலு தடவை தடவிக்கொண்டார்.

அப்போது ஆஸ்பத்திரி மேட்ரன் அம்மாள் உள்ளே வந்தார். கடை திறக்குமுன்பே முதல் ஆர்டர் கொடுக்கப் போகிறவர் அவர்தான். ஒரு ஆஸ்பத்திரி முழுக்க உள்ள ஊழியர்களுக்கான உடுப்பு என்று கொழுந்தன் வாரக்கணக்காக மார்தட்டிக்கொண்டிருந்தான். மேட்ரன் யாரையும் பார்க்காமல் நேராக ஸ்டூலுக்கு வந்தார்.

"என்ன லாண்டரியம்மா, வாசல்ல உட்கார்ந்திருக்கீங்க? வாங்க, எந்தக் கோட்டு எடுக்கலாம் சொல்லுங்க. நீங்க சொன்னா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கறேன்."

"எனக்குத் தெரியாது மேடம். உரிமையாளர் அங்கே நிக்கிறார் பாருங்க, அவரைக் கேளுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல மேடம். படிச்சுப் பாருங்க," என்று தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினாள்.

மேட்ரன் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு படித்தார். ஃபிட்டர் பாய்ந்து வந்தார். "மேடம், நான் சொல்றேன்... இந்தக் கோட்டு பாருங்க... இது நல்ல... நீலம்..." என்று அவர் ஒரு கோட்டைத் தூக்கிக் காட்ட, அது சமையல்காரர் கோட்டாக இருந்தது. கொழுந்தன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

மேட்ரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இவங்களை நம்பித்தான் நான் ஆர்டர் தர்றதாச் சொன்னேன். இத்தனை வருஷத்துல ஒரு விரிப்பு கறையோட வந்ததில்லை எனக்கு. இவங்க இங்கே யாருன்னு முதல்ல நீங்க முடிவு பண்ணுங்க. அப்புறம் என்னைக் கூப்பிடுங்க!" என்று சொல்லிவிட்டு வெளியேறிவிட்டார்.

"அண்ணி! என்ன அண்ணி இது!" கொழுந்தன் அழாத குறை.

"உதவியாளர் என்ன தம்பி பண்ண முடியும்?"

மேனேஜரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. ஏதோ குடும்பச் சலசலப்பு என்று அவருக்குப் புரிந்தது. வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்று மேஜையில் காகிதங்களைப் பரப்பினார். "கொஞ்சம் டீ கிடைக்குமாம்மா?" என்று ஸ்டூல் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"கிடைக்கும் சார். அதுக்குத்தானே இருக்கேன்."

அவள் பின்னறைக்குப் போய் டீ போட்டாள். இதே அறையில், ஆலை மூடிய புதிதில், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடந்த கணவருக்கு டீயைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுபோய் வாயில் வைத்தது நினைவுக்கு வந்தது. வந்த அழுகையை விழுங்கினாள். இன்றைக்கு அழுதால் தோற்றுவிடுவோம் என்று பட்டது.

தட்டோடு வெளியே வந்தபோது மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க ரெண்டு பேர் கையெழுத்தும் ஆச்சு. இனிமே ஒண்ணே ஒண்ணுதான். கடை இருக்கிற இடத்தைக் கம்பெனிக் கிளைக்கு விடறதுக்கு இடத்துச் சொந்தக்காரர் கையெழுத்துப் போடணும். குடும்ப இடம்னு தம்பி சொன்னார். யார் பேர்ல இருக்கு?"

ஃபிட்டர் தொண்டையைக் கனைத்தார். "நம்ம வீட்டு இடம்தான் சார். இங்கே குடுங்க, கையெழுத்து வாங்கித் தர்றேன்."

"யார்கிட்ட வாங்கணும்? அவங்க வரணுமே."

கொழுந்தன் மேஜையின் ஓரத்தைச் சுரண்டினான். சின்னவள் பொம்மைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

லாண்டரியம்மா டீத் தட்டை அந்தக் காகிதங்களின் மேலேயே வைத்தாள்.

"உதவியாளர் பேர்ல இருக்கு சார்."

மேனேஜர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"இந்த இடம் என்னோடது. இந்தச் சுவர், இந்தத் தரை, இந்தக் கடைக்குப் போட்ட முதல், எல்லாம் என் கை தேஞ்சு வந்தது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்!"

"ஏய்!" ஃபிட்டர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கறியா? வீட்டுல சமாதானமாப் பேசியிருக்கலாமில்ல?"

"வீட்டுலதானே கேட்டேன்! பாலைப் பாருன்னு சொன்னீங்க!"

"நான்... நான் கொஞ்சம் வெளியில நிக்கிறேன்," என்று மேனேஜர் டீக் கிளாஸைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நழுவினார். புத்திசாலி மனிதர்.

லாண்டரியம்மாவின் கோபம் இப்போது பொம்மைக்குப் பின்னால் நின்றவள்மேல் பாய்ந்தது. "எல்லாம் இவ பண்ற வேலை! நான் இவளைச் சொந்தத் தங்கச்சியா நினைச்சேன். காய்ச்சல்ல கிடந்தப்போ தூக்கி உட்கார வெச்சுச் சோறு ஊட்டினேன். கடைசியில எனக்கே வேலைக்காரிப் பட்டம் கட்டி, அந்தப் பட்டம் உதிர்ந்துடக் கூடாதுன்னு ஊசி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கா!"

"நான் தைக்கலக்கா!" சின்னவள் அலறிவிட்டாள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "நான் தைக்கல! பிரிச்சுக்கிட்டிருந்தேன்!"

"என்னது?"

"அந்த எழுத்தைப் பிரிச்சுக்கிட்டிருந்தேன்க்கா... நீங்க பார்க்கறதுக்கு முன்னாடி பிரிச்சு எடுத்துடலாம்னு பார்த்தேன்... மிஷின் தையல், வரலக்கா... ஒரு நூலுதான் வந்துச்சு... அதுக்குள்ள நீங்க..." மேலே பேச முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினாள்.

லாண்டரியம்மா தன் பையைக் குனிந்து பார்த்தாள். தொங்கிய நூலை விரலால் தொட்டாள். முதல் எழுத்தின் பாதி வால் காணாமல் போயிருந்தது. ஊசி முனையால் நெம்பி நெம்பித் துணியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்திருந்தன.

"அப்போ யார்?" அவள் குரல் இறங்கியது. "தம்பி, நீ சொல்லு. உன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ண வேண்டாம். என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். அவ்வளவுதான், உடைந்துவிட்டான். "கம்பெனியில யார் யாருக்கு என்ன பதவின்னு கேட்டாங்க அண்ணி. இவதான் சொன்னா, அக்கா பேரை உரிமையாளர்னு போடுங்க, அதுதான் நியாயம்னு. நானும் சரின்னேன். அண்ணன்தான்... உங்களை உதவியாளர்னு போடச் சொன்னாரு. வீட்டுல சொல்லிச் சண்டை மூட்டாதீங்கன்னு எங்க ரெண்டு பேர் வாயையும் அடைச்சுட்டாரு. நான் கோழை அண்ணி! நீங்க போட்ட சோத்தைத் தின்னுட்டு வாயை மூடிக்கிட்டு நின்னேன்!"



லாண்டரியம்மா கணவர் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து எரிந்த கோபம் எல்லாம் தவறான ஆள்மேல் எரிந்திருக்கிறது. அதுவே அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"நீங்களா?"

"ஆமா, நான்தான்!" ஃபிட்டர் கத்தினார். கத்தியதில் கழுத்து நரம்பு புடைத்தது. "நான்தான் போடச் சொன்னேன்! என்ன இப்போ? இத்தனை வருஷமா இந்தத் தெருவுல நான் யாரு? லாண்டரியம்மா வீட்டுக்காரர்! எதிர்க்கடை கரண்டு சாமான்காரன் இன்னிக்கும் என்னை அப்படித்தான் கூப்பிடறான். எனக்குன்னு ஒரு பேரு வேணும்னு ஆசைப்பட்டேன். ஒரே ஒரு தடவை முதலாளின்னு நாலு பேர் பார்க்க நிக்கணும்னு ஆசைப்பட்டேன். அது தப்பா?"

"உங்களுக்கு உரிமையாளர்னு போட்டுக்கிட்டது தப்பில்லீங்க. எனக்கு இதைப் போட்டது ஏன்? பங்குதாரர்னு போட உங்களுக்குக் கை வரலையா?"

"நீதானே சொன்னே!"

"நானா? நான் என்ன சொன்னேன்?"

"வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் நீதானே சொன்னே! 'முதலாளி அவர்தான், நான் சும்மா ஒத்தாசைக்கு இருக்கேன்'னு. ஒரு நாளா, ரெண்டு நாளா? ஓட்டல்காரன்கிட்ட, ஆஸ்பத்திரியில, சோப்புக்காரன்கிட்ட... 'அவரைக் கேட்டுச் சொல்றேன்'னு சொல்லுவே. கம்பெனிக்காரன் கேட்டப்போ நீ சொன்னதைத்தான் நானும் சொன்னேன். நான் என்ன புதுசாவா கண்டுபிடிச்சேன்?"



உண்மைதான். அவள்தான் சொன்னாள். ஆலை மூடிய பிறகு தெருவில் தலைகாட்டவே கூசிய மனிதர் அவர். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறார் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று, விலை பேசும்போதும், வேலைக்கு ஆள் எடுக்கும்போதும், கடன் கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பும்போதும், அவள் ஒரே பாட்டைத்தான் பாடினாள். முடிவை அவளே எடுப்பாள். பேரை அவருக்குக் கொடுப்பாள். வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் இது தெரியும். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். அவருக்கும் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"அடக் கடவுளே..." அவள் மெதுவாகச் சொன்னாள். "உங்க தலை குனியக் கூடாதுன்னு நான் ஊர்கிட்ட சொன்ன பொய்யை... நீங்களே நம்பிட்டீங்களா?"

ஃபிட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கொதிக்கிற தண்ணியில கையை விட்டுட்டு நின்னேனே, அது ஒத்தாசையா? மழைக்காலத்துல துணி காயலன்னு விடிய விடிய இஸ்திரி போட்டேனே, அது ஒத்தாசையா? நீங்க ஒரு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தீங்க. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? ஏன் சம்பாதிக்கலன்னு கேட்டேனா? முதலாளி முதலாளின்னு சொல்லிச் சொல்லி உங்களை எழுப்பி உட்கார வெச்சேனே! எழுந்து உட்கார்ந்ததும் முதல் காரியமா என்னைத் தூக்கி வாசல் ஸ்டூல்ல போட்டீங்களே! எப்படிங்க மனசு வந்துச்சு உங்களுக்கு?"

அவர் விழுந்த நாற்காலியை நிமிர்த்தினார். ஆனால் அதில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார். "நான்... நீ சிரிச்சுக்கிட்டே சொல்லுவியா... உனக்கு அது சந்தோஷம்னு நினைச்சேன்..." என்றார்.

"சந்தோஷம்தான்! ஊருக்குச் சொன்னப்போ சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நம்ம வீட்டுக்குள்ள உண்மை தெரியும்னு நினைச்சேனே, அதனால!"

அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. பொம்மைக்குப் பின்னால் குன்றிப்போய் நின்ற சின்னவளிடம் போனாள். சின்னவள் அடி விழப்போகிறது என்பதுபோல் ஒதுங்கினாள். லாண்டரியம்மா அவள் வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் உறைந்த புள்ளிகள் இருந்தன.

"பாவி மகளே! காலையில வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? அவ்வளவு பேச்சையும் வாங்கிக்கிட்டு நின்னியே!"

"மாமா வருத்தப்படுவாருன்னு... நீங்க அவர்மேல கோபப்பட்டா வீடு ரெண்டாயிடும்னு பயந்தேன்க்கா... என்மேல கோபப்பட்டா ரெண்டு நாள்ல சரியாயிடும்ல..."

லாண்டரியம்மா அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வெடித்துக்கொண்டு வந்தது. "என்னை மன்னிச்சுடும்மா... வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்... என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!" என்று அரற்றினாள். சின்னவளும், "அப்படிச் சொல்லாதீங்கக்கா!" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொழுந்தன் இருவர் காலடியிலும் உட்கார்ந்துவிட்டான். "எந்திரிடா, கடைத் தரையில உட்கார்ந்து சட்டையை அழுக்காக்காதே," என்றாள் அவள், அழுகைக்கு நடுவிலேயே.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அந்தச் சட்டையைக் கழற்றி மேஜையில் போட்டாள். "மேனேஜர் சார், உள்ளே வாங்க!"

அவர் காலி கிளாஸோடு வந்தார்.

"இந்தக் கடைக்கு முதலாளி நான்தான்." இதைச் சொல்லும்போது அவளுக்கே அந்தச் சொற்கள் புதிதாக இருந்தன. ஒருமுறை தொண்டையைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தாள். "ஒப்பந்தத்தை என் பேர்ல போடுங்க. இவரு, தம்பி, இந்தப் பொண்ணு, மூணு பேரும் பங்கு. அப்படி எழுதிக் கொண்டு வாங்க, இந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா என் இடத்தைக் காலி பண்ணிக் குடுங்க, நான் மறுபடி துணி துவைச்சுக்கறேன்."

"போடலாம்மா, தாராளமாப் போடலாம். ஆனா தலைமை அலுவலகத்துல மாத்தி வரணும். அதுக்கு நாளாகும். திறப்பு விழா தள்ளிப் போயிடும்..."

"அண்ணி, எல்லாரையும் கூப்பிட்டாச்சு!" கொழுந்தன் பதறினான். "ஏன் தள்ளிப் போச்சுன்னு கேட்பாங்களே, என்ன சொல்றது?"

"அதை உங்க அண்ணன்கிட்ட கேளு," என்றாள் அவள்.

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. பெயர்ப் பலகை மாட்டுகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். ஏணியைச் சாய்த்து, பலகையைத் தூக்கி, ஆணி அடிக்கக் கை ஓங்கினார்கள். கம்பெனி பெயருக்குக் கீழே, உரிமையாளர் என்று போட்டு ஃபிட்டரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவரே ஆசை ஆசையாக நின்று எழுதச் சொன்னது.

ஃபிட்டர் நாற்காலியை விட்டுவிட்டு வாசலுக்குப் போனார். லாண்டரியம்மா உள்ளேயே நின்று பார்த்தாள். இனி எத்தனை சட்டையில் எதைத் தைத்துக் கொடுத்தாலும், இந்த மனிதர் இப்போது வாயைத் திறக்கவில்லை என்றால் எல்லாம் வீண் என்று அவளுக்குத் தெரியும்.

"மாட்டாதீங்க. இறக்குங்க," என்றார் அவர் ஏணியைப் பார்த்து.

எதிர்க்கடை கரண்டு சாமான்காரர் வேடிக்கை பார்க்க வெளியே வந்தார். "என்ன, லாண்டரியம்மா வீட்டுக்காரரே! கடையைத் திறக்கறதுக்கு முன்னாடியே பலகையை இறக்கிட்டீங்க? பிசினஸ் படுத்துடுச்சா?" தெருவில் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள்.

ஃபிட்டருக்குக் காது வரை சிவந்தது. ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார்.

"பேரைத் தப்பா எழுதிட்டோம்," என்றார். "முதலாளி பேரை மாத்தணும்."

"முதலாளியா? நீங்கதானே?"

"இல்ல. என் பொண்டாட்டி." வாயிலிருந்து வந்தது பாதி காற்று. "இத்தனை நாளும் அவதான்."

"என்ன? கேட்கல!"

கடைக்குள்ளிருந்து லாண்டரியம்மாவின் குரல் கணீரென்று வந்தது. அழுத குரல்தான். ஆனால் கோபம் துளிகூடக் குறையாத குரல்.

"அவருக்குக் காது மந்தம்! இன்னும் சத்தமாச் சொல்லுங்க!"

ஃபிட்டர் தலையை நிமிர்த்தி, தெரு முழுக்கக் கேட்கும்படி அதையே மறுபடி சொன்னார்.